77 போல்ட்டும் இரண்டு வேங்கை உத்திரமும்

சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி, சிவகாசி வெயில். என் பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்து தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடுதான் இருக்கும், கையை எடுக்கத் தோன்றாது. இதை இதுவரை ஐம்பது பேருக்காவது செய்து காட்டியிருப்பேன். முதலில் பக்கத்து வண்டியின் இரும்புத் தொட்டியில் கை வைக்கச் சொல்வேன். வைத்த வேகத்தில் எடுப்பார்கள். அப்புறம் என் வண்டிக்குக் கூட்டி வருவேன். வந்தவர்கள் கையை வைப்பதோடு நிறுத்தமாட்டார்கள். பலகையைத் தடவுவார்கள், விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள், குனிந்து மோந்துகூடப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு வரும் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

இரும்புத் தளத்தை எடுத்துவிட்டு வேங்கைப் பலகை போட்டேன். இந்த வண்டிக்கு நான் செய்த செலவுகளில் இதைவிட நல்ல செலவு கிடையாது. பிக்கப் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

என் தொழில் காகிதமும் காலண்டரும் ஏற்றுவது. சிவகாசியில் அடுத்த வருஷம் ஆடி 18 அன்றே தொடங்கிவிடும். ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வெளியிட்டுப் பூஜை போட்டுவிட்டால், அதன் பிறகு மார்கழி முடியும்வரை அச்சகங்களுக்கு ராப்பகல் கிடையாது. குடோனிலிருந்து அச்சகத்துக்குத் தாள், அச்சகத்திலிருந்து பைண்டிங்குக்கு அச்சான தாள், அங்கிருந்து லாரி ஷெட்டுக்கு காலண்டர் கட்டு என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

காகிதம் ரொம்பவும் ரோஷமுள்ள சரக்கு. ஈரம் பட்டால் விரியும், வறண்டால் சுருங்கும். நான்கு வண்ண ஆஃப்செட்டில் ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். தாள் அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் ரிஜிஸ்டர் போய்விடும், முருகனுக்கு இரண்டு உதடு தெரியும். இந்த வறண்ட பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் சேர்ந்து வேர்பிடித்ததற்கு மழை குறைவும் ஒரு காரணம் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

அப்படிப்பட்ட சரக்கை இரும்புத் தொட்டியில் ஏற்றினால் என்னவெல்லாம் நடக்கிறது? அந்தத் தகடு பலத்துக்காக வரிவரியாக மடிப்பு வைத்தது. மேலே ஒரு டன் தாள் ஏறியதும் அந்த மடிப்பு அடிக்கட்டில் அப்படியே பதிந்துவிடும். அடியில் இருக்கும் நாலைந்து கட்டு வீண். அதைத் தவிர்க்க பழைய அட்டைகளை விரித்தேன். அட்டை மழைநீரைக் குடித்து மடிப்புக்குள் தேக்கி வைத்தது. மூன்று மழைக்காலத்தில் தளம் பொரிபொரியாகத் துரு உதிர ஆரம்பித்துவிட்டது. ஒரு ஐப்பசி இரவில் தார்ப்பாயின் மடிப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் துருவைக் கரைத்துக்கொண்டு ஓடி, ஆர்ட் பேப்பர் கட்டுகளின் அடியில் செம்மண் நிறக் கறையாக ஏறியிருந்தது. நஷ்டத்தை நான்தான் கட்டினேன். மறுநாள் காலையிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

மரத்தளம் நான் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை. நாமக்கல் பக்கம் பாடி கட்டும் லாரிகளில் பலகைத் தளம் எப்போதோ இருந்து வருகிறது. அமெரிக்காவில் 1950-கள் வரை வந்த பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றிலும் மரப்பலகைதான், இரண்டு பலகைக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டை வைத்து இறுக்கியிருப்பார்கள். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய் வரும் இரும்புக் கன்டெய்னர் இருக்கிறதே, அதன் கதவைத் திறந்து கீழே பாருங்கள். வழக்கமாக 28 மில்லிமீட்டர் கனத்தில் பிளைவுட் தளம் இருக்கும். கடலையே தாண்டும் பெட்டியில் சுவர் இரும்பு, கூரை இரும்பு, சரக்கு உட்காரும் இடம் மட்டும் மரம். இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. 2005-ல் டாடா ஏஸ் வந்து குட்டி யானை என்று பேரெடுத்த பிறகு, சின்ன சரக்கு வண்டி என்றால் தகட்டுத் தொட்டிதான் என்று நம் கண் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு. அப்பா முப்பது வருஷம் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்த்தவர். மருந்து இருக்கும் அறையில் இரும்பு இரும்போடு உரசக் கூடாது. கருவி எல்லாம் மரம், பித்தளை, செம்பு. ஆணி அடித்த செருப்போடு உள்ளே போகக் கூடாது. வெடி ஏற்றும் வண்டிக்கும் அதே பாடம்தான். சரக்கு படும் இடத்தில் இரும்பு வெளியே தலைகாட்டக் கூடாது, மரமோ வேறு தகுந்த பொருளோ போர்த்தியிருக்க வேண்டும். நான் பட்டாசு ஏற்றுவதில்லை, அதற்கு உரிமம் பெற்ற வண்டிகள் தனி. ஆனாலும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு உடம்பில் ஊறியிருக்கிறது. ஆசாரியிடம் நான் சொன்ன முதல் நிபந்தனையே அதுதான்: "ஒரு போல்ட் தலைகூட பலகைக்கு மேல தெரியக் கூடாதுண்ணே."

அவர் திருத்தங்கல் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருப்பவர், எழுபதை நெருங்கும் வயது, இளமையில் மாட்டு வண்டி செய்தவர். ஆரக்காலும் வட்டையும் குடமும் செய்த கை. என் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, "தம்பி, மரம் வாங்கிட்டு வா, மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்" என்றார்.

மரத்துக்காக நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. செங்கோட்டை போகலாம் என்றுதான் முதலில் கிளம்பினேன். ராஜபாளையம், தென்காசி வழியாக 90 கிலோமீட்டர் சொச்சம், ஊர் முழுக்க மர டிப்போவும் ரம்ப மில்லும்தான். போய்ப் பார்த்தேன், மனம் நிறையவில்லை. நல்ல மரம் இருந்தது, ஆனால் பச்சை ஆறாத மரம். அதை இன்றைக்கு அறுத்துப் போட்டால் நாளைக்கு முறுக்கிக்கொள்ளும். திரும்பி வந்து ஆசாரியிடம் சொன்னபோது, "பழைய வீடு இடிச்ச மரம் பாரு. அம்பது அறுபது வருஷம் கூரைக்குள்ள இருந்து காஞ்ச கட்டைக்கு நிகர் எதுவும் இல்லை" என்றார்.

விருதுநகரில் ஒரு பழைய மரக்கடையில் அவை கிடைத்தன. இரண்டு வேங்கை உத்திரங்கள், 14 அடி நீளம், எட்டங்குலத்துக்கு ஆறரை அங்குலம். மேலே காரையும் ஒட்டடையும் புகையும் ஏறிக் கருப்பாகக் கிடந்தன. ஆசாரி கொட்டாப்புளியால் ஒரு முனையில் தட்டினார், மறுமுனையில் காதை வைத்தார். "கிணுங்குது பாத்தியா? உள்ள பொக்கு இல்லை." உளியால் ஓர் ஓரத்தைச் செதுக்கியதும் உள்ளிருந்து தேன் நிறம் எட்டிப் பார்த்தது. வெளிறு கொஞ்சமும் இல்லாத முழு வைரம். செதுக்கிய சில்லை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது ஓரத்தில் நீலம் மின்னியது! வேங்கைக்கு அதுதான் அடையாளம். சர்க்கரைக்காரர்கள் வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே மரம். நான் அன்றைக்கு விலை பேசவே இல்லை.

ரம்ப மில்லில் பழைய மரம் என்றாலே முகம் சுளிப்பார்கள். உள்ளே ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி உத்திரம் நெடுக ஊர்ந்து பார்த்து, இரண்டு நாள் ஆணி பிடுங்கினோம். கொல்லன் பட்டறையில் அடித்த சதுர ஆணிகள்! அவற்றைச் சுற்றி விரற்கடை அகலத்துக்கு மரம் மைக்கறுப்பாக மாறியிருந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. வேங்கையில் துவர்ப்புச் சத்து அதிகம். அந்தத் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் பாட்டன்மார் காய்ச்சிய எழுத்து மையும் இதே சேர்க்கைதான். அச்சு ஊரில் பிறந்தவனுக்கு மரத்துக்குள் மை கிடைத்ததுபோல! கூடவே ஒரு பாடமும் கிடைத்தது. சாதா இரும்பு போல்ட் போட்டால் இந்தக் கறுப்பு என் பலகையிலும் ஊறும், மழைநாளில் காகிதத்திலும் ஏறும். அதனால் போல்ட், வாஷர், நட் எல்லாமே எவர்சில்வர் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

உத்திரத்துக்கு ஆறு வீதம் 12 பலகை தேறியது. எட்டே கால் அடி நீளம், இழைத்த பிறகு ஆறே கால் அங்குல அகலம், ஒரு அங்குல கனம். என் தொட்டிக்குப் பதினொன்று போதும். பன்னிரண்டாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய தளத்தை எடுக்கும் வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கேஸ் கட்டர் வேண்டாம் என்று உறுதியாக இருந்தேன், டீசல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. யூ போல்ட்டுகளைக் கழற்றித் தொட்டியையே சேஸிலிருந்து தூக்கித் தனியே வைத்து, தகட்டை அங்கே வைத்து வெட்டினோம். கீழே ஏழு குறுக்குச் சட்டங்களும் திடமாக இருந்தன. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை, பெயின்ட் இரண்டு கை. நீளம், அகலம், உயரம் எதையும் ஒரு நூல்கூட மாற்றவில்லை. கழற்றிய தகடு பழைய இரும்புக் கடையில் 52 கிலோ நின்றது. என் பலகைகள் மொத்தம் 80 கிலோவைத் தாண்டும். 30 கிலோ சொச்சம் கூடுதல், அதாவது காலண்டர் கட்டு ஒன்றிரண்டு குறையும். அதற்காக நான் ஒரு நொடிகூட வருந்தியதில்லை.

இனி வருவதுதான் என் மனம் மயங்கிய இடம், பலகை பதித்த நான்கு நாட்கள்.

மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். வெயிலில் சுருங்கும், ஐப்பசி கார்த்திகையில் ஈரம் குடித்துப் புடைக்கும். சித்திரையில் நெருக்கி அடித்துவிட்டால் மழைக்காலத்தில் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி நடுவில் எழுந்து நிற்கும். இடைவெளி விட்டால் ரோட்டுத் தண்ணீர் கீழிருந்து தெறித்து ஏறும். இரண்டுக்கும் ஆசாரியிடம் வழி இருந்தது. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் பாதிக் கனத்துக்கு, அரை அங்குல அகலத்துக்குக் காடி எடுத்தார், ஒன்றில் மேல்பக்கம், அடுத்ததில் கீழ்ப்பக்கம். கூரை ஓடுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். மேலே பார்த்தால் சின்னக் கோடு தெரியும், கீழே பார்த்தால் வெளிச்சம் வராது. அந்தக் கோட்டின் அகலத்துக்கு என்ன அளவு வைக்கலாம் என்று அவர் யோசித்தபோது, வண்டியில் கிடந்த தினசரி காலண்டர் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பலகைக்கு நடுவே செருகிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதேதான் தம்பி, சரியா சொல்லிவச்ச மாதிரி." பத்து இடைவெளிக்கும் காலண்டர் அட்டைதான் அளவுகோல். சிவகாசித் தளத்துக்கு வேறு எந்த அளவுகோல் இத்தனை பொருந்தும்!

முதல் பலகையை ஓரத்திலிருந்து தொடங்குவார் என்று நினைத்திருந்தேன். அவர் நூல் பிடித்து நடுமையத்தில் ஒரு பலகையைப் பதித்தார். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஐந்தைந்து. பிசகு வந்தால் ஓரத்தில் ஒதுங்கும், முதுகெலும்பு நேராக நிற்கும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே பழைய லாரி டியூபை வெட்டிய பட்டை. இரும்பு மரத்தைத் தொடாது, கறுப்பும் ஏறாது, குலுங்கும்போது சத்தமும் வராது.

ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே ஒரு போல்ட், நட்டநடுவில். இரண்டு போடலாமே, பலமாக இருக்குமே என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் கட்டிப்போட்டா மரம் மூச்சு விடாது. வெடிச்சுரும்" என்றார். நடுவில் பிடித்தால் பலகை இருபுறமும் விரிந்து சுருங்க இடமிருக்கும். ஓரங்களைப் பக்கத்துப் பலகையின் காடி பிடித்துக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு! பதினொன்றை ஏழால் பெருக்கினால் 77 போல்ட். உருண்டைத் தலையும் அதன் கீழே சதுரக் கழுத்தும் உள்ள எட்டு மில்லிமீட்டர் போல்ட். அந்தச் சதுரம் மரத்தைக் கவ்விக்கொள்வதால் கீழே நட்டை முறுக்கும்போது மேலே தலை சுற்றாது. ஒவ்வொன்றுக்கும் முதலில் தலை இறங்க ஒரு வட்டக் குழி, பிறகு துளை. 77 குழியையும் நானே போட்டேன். எழுபத்தேழாவது தலை பலகைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்தபோது ஆசாரி ஒரு பட்டுத்துணியைத் தளத்தின் மேல் போட்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்தார். ஓரிடத்தில்கூட மாட்டவில்லை.

பின்கதவு ஓரம்தான் அதிகம் அடிபடும் இடம், கட்டுகளை இழுப்பதும் டிராலி மோதுவதும் அங்கேதான். மீந்த உத்திரத் துண்டை அங்கே குறுக்காகப் பதித்தோம். அடியெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

அடிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், கடற்கரையில் வள்ளங்களுக்குப் பூசுவது. கையில் பட்டால் புண்ணாக்கிவிடும், உறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். மேல்பக்கத்துக்கு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மூன்று கை. காடிகளுக்குப் பூட்டுவதற்கு முன்பே பூசியாயிற்று. முதல் கையை மரம் குழந்தை பால் குடிப்பதுபோல் குடித்தது. இரண்டாவது கையில்தான் வேங்கையின் வரிகள் எழுந்து வந்தன, தங்கத்தில் செம்பு ஓடியதுபோல. அந்தச் சாயங்கால வெயிலில் நான் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. அது தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகும், இறுகும்போது சூடு விடும். பலகையில் பரவியிருக்கும்போது அந்தச் சூடு காற்றோடு போய்விடும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு உள்ளேயே அடைபட்டுச் சில மணி நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கலாம். நெருப்பு வைக்க ஆளே வேண்டாம். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஈரம் பட்ட மருந்துக் கலவை தானாகச் சூடேறும் என்பதும், கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பதும் அவருடைய வாழ்நாள் பாடம். பட்டறை வாசலில் வாளி நிறையத் தண்ணீர் வைத்து ஒவ்வொரு துணியாக அவரே வாங்கி முக்கினார். பிறகு வேலியில் தனித்தனியாக விரித்துப் போட்டுக் காயவைத்தார். மூன்று சாயங்காலமும் அவர்தான் அந்த வேலைக்கு நின்றார்.

ஆடி 18-க்கு ஒரு வாரம் முன்னால் தொட்டி சேஸில் ஏறியது. முதல் லோடு ஆர்ட் பேப்பர், ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பழைய தொட்டியாக இருந்தால் தகடு டமடமவென்று அலறியிருக்கும். இப்போது 'தும்' என்று ஒரு சின்னச் சத்தம், நெல் மூட்டையை மண்தரையில் இறக்கியதுபோல. திருப்பங்களில் கட்டுகள் நகரவில்லை. தகட்டில் வழுக்கியது பலகையில் பிடித்து நிற்கிறது. அச்சகத்தில் இறக்கியபோது அடிக்கட்டைப் புரட்டிப் பார்த்தேன். மடிப்பு இல்லை, கறை இல்லை, குடோனில் எடுத்தது எடுத்தபடி. மெஷின்மேன் வாங்கித் தாளை விசிறிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இனிமே உங்க வண்டியிலயே அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

லோடு இறக்குகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இப்போது என் வண்டியைத்தான் தேடுகிறார்கள். பின்கதவைத் திறந்துவிட்டு, தூக்குச்சட்டியை நடுவில் வைத்து, பலகை மேல் சம்மணமிட்டு உட்காருகிறார்கள். சாப்பிட்டதும் ஒருவர் துண்டை விரித்து அப்படியே கண்ணயர்வார். இரும்புத் தொட்டியில் எவரும் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு ஐப்பசி தாண்டிவிட்டது. மழையில் கோடுகள் நெருங்கும், மாசியில் மறுபடி விலகும். காலண்டர் அட்டையைச் செருகிப் பார்த்தே இப்போது பருவம் சொல்வேன். ஒரு பலகைகூட எழும்பவில்லை. டிராலி இடித்த தழும்புகள் இருக்கின்றன. எண்ணெய் போடப் போட அவையும் நிறம் கூடி மரத்தோடு மரமாகிவிட்டன.

தளம் முடிந்த அன்றே பன்னிரண்டாவது பலகையை ஆசாரி காடி எடுத்து, ஏழு துளையும் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். என்றைக்காவது ஒரு பலகை போனால் அதை மட்டும் கழற்றி இதைப் போட்டுக்கொள்ளலாம். அது எங்கள் வீட்டுப் பரணில், வெயில் படாமல், இரண்டு கட்டை மேல் கிடக்கிறது. வருஷா வருஷம் ஆனி மாதம் வண்டித் தளத்துக்கு எண்ணெய் பூசும்போது அதையும் கீழே இறக்குவேன். அப்பா வாளியில் தண்ணீரோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டுக்கும் சேர்த்தே ஒரு கை பூசி, துணியை அவரிடம் நீட்டுவேன்.